பட்டவன் ஒருவன், கவர்ந்தவர் எத்தனை பேர்? ஜவ்வாது மலையடிவார நடுகற்களில் பெயரெச்சமும் பன்மையும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகத் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, செங்கத்தைத் தொட்டுச் சமவெளிக்கு இறங்கிப் பின்னர்ப் பாலாற்றில் கலக்கிறது. மலையின் தென்மேற்கு விளிம்பிலுள்ள செங்கம் கணவாய், தருமபுரி, கிருஷ்ணகிரி மேட்டுநிலத்திலிருந்து தொண்டை நாட்டுக்கு இறங்குவோர்க்கு நெடுங்காலம் வாயிலாக இருந்தது. 1767ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் செங்கத்தில் மோதியதற்கும் இவ்வழியின் இன்றியமையாமையே காரணம். மேய்ச்சல் நிலமும் படை நடக்கும் கணவாயும் அருகருகே அமைந்த இத்தகைய எல்லைப் புறத்தில், மாட்டு மந்தையே செல்வமாகவும் அம்மந்தையைக் கவர்வதே போரின் தொடக்கமாகவும் இருந்த காலத்தில், மந்தையைக் காக்கவோ மீட்கவோ முயன்று இறந்தவனுக்குக் கல் நடும் வழக்கம் வேரூன்றியது. அக்கற்களில் பொறிக்கப்பட்ட சிறு தொடர்கள் அரசர்களின் காலவரிசைக்கு மட்டும் சான்றாகவில்லை. தமிழ், ஒரு நிகழ்ச்சியை ஒரு பெயருக்கு அடையாக்கும்போது எதை எண்ணிச் சொல்கிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்பதற்கும் அவை பழமையான சான்றுகளாகும்.

கல் நடும் வழக்கத்தின் படிநிலைகளைத் தொல்காப்பியம் வெட்சித் திணையில் வகுத்துரைக்கிறது. ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது காட்சி, அதனைக் கொணரத் தொடங்குவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, பிறகு நடுதல், அதற்குச் சிறப்புச் செய்யும் பெரும்படை, இறுதியாக வாழ்த்து என்னும் ஆறு நிலைகள் அங்கே பேசப்படுகின்றன. செங்கண்மாவை (இன்றைய செங்கம்) ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், இதே செய்யாற்றையும் நவிர மலையையும் களமாகக் கொண்ட ஆற்றுப்படை நூலாகும். அரசனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லுமிடத்தில், மறவர்களின் பெயரோடு நட்ட கற்கள் நிற்கும் கவர்வழிகள் மிகப் பல என்று அந்நூல் குறிப்பிடுகிறது. அவ்விடத்தில் கல்லைக் குறிக்கும் சொல்லோ வழியைக் குறிக்கும் சொல்லோ பன்மை விகுதி பெறவில்லை என்பதும், வழிகள் பல என்பது தொடரின் முடிவில் நிற்கும் பயனிலையால் மட்டுமே விளங்குகிறது என்பதும் கருதத்தக்கன.

நடுகல் எழுத்துகளின் தொடக்க நிலையில் அடைத்தொடரே இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று, கல், இறந்தவனின் பெயர், கூடல் என்னும் ஊர், ஆகோள் என்னும் நிகழ்ச்சி ஆகியவற்றைப் பெயர்களாகவே அடுக்கி நிறுத்துகிறது. ஆகோள் என்பது ஆக்களைக் கவர்தல் என்று பொருள்படும் தொழிற்பெயர். யார் கவர்ந்தார், எப்போது கவர்ந்தார், இறந்தவன் கவரச் சென்றவனா, மீட்கச் சென்றவனா என்ற வினாக்களுக்கு அப்பெயரடுக்கு விடை தருவதில்லை. ஊரார் அறிந்த செய்திக்குக் கல் ஒரு நினைவூட்டாக நின்றதால் விடை தர வேண்டிய தேவையும் எழவில்லை போலும்.

பல நூற்றாண்டுகளுக்குப் பின், வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட செங்கம் பகுதிக் கற்களில் நிலைமை மாறிவிடுகிறது. வட்டெழுத்து என்பது தமிழ் எழுதப் பயன்பட்ட, வளைந்த கோடுகளை மிகுதியாக உடைய பழைய வரிவடிவம். பல்லவ அரசவை தன் சாசனங்களில் வடமொழிக்கும் கிரந்த எழுத்துக்கும் இடமளித்த காலத்திலேயே, மலையடிவாரத்து ஊர்கள் தம் வீரர்களைத் தமிழிலும் வட்டெழுத்திலும் நினைவுகூர்ந்தன. இக்கற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை தேடித் தொகுத்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972ஆம் ஆண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. சிம்மவிஷ்ணு, முதலாம் மகேந்திரவர்மன் ஆகியோரின் ஆட்சியாண்டுகளைத் தாங்கிய கற்கள் அதில் இடம்பெற்றன. எடுத்தனூரிலுள்ள புகழ்பெற்ற கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைக் குறிப்பதால், அவனுடைய ஆட்சியை ஏறத்தாழ முப்பது ஆண்டு என்று கணக்கிட்டிருந்த பழைய காலவரிசையைத் திருத்த வேண்டிய நிலையும் ஏற்பட்டது.

இக்கற்களின் வாசகம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் முதலில் வரும். அடுத்து நாடும் ஊரும் தலைவனும் குறிக்கப்படுவர். பிறகு ‘தொறுக் கொண்ட ஞான்று’ என்பது போன்ற ஒரு தொடர் நிகழ்ச்சியைச் சுட்டும். இறந்தவனின் பெயரையும் ஏற்றுக்கொண்டு ‘பட்டான் கல்’ என்று வாசகம் முடியும். தொறு என்பது மாட்டு மந்தை. ஞான்று என்பது நாள் அல்லது பொழுது. பட்டான் என்பது போரில் வீழ்ந்தவன். புலிமான்கோம்பைக் கல்லில் ஒரே பெயராக இருந்த ஆகோள், இங்கே ‘தொறுக் கொண்ட’ என்று வினையாக விரிந்து, ஞான்று என்னும் காலப்பெயருக்கு அடையாகிவிட்டது. நிகழ்ச்சியைப் பெயரிட்டுச் சொன்ன மரபு, நிகழ்ச்சியைத் தொடராக விரித்துச் சொல்லும் மரபாக மாறியதை இவ்விரு கற்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் காணலாம்.

‘கொண்ட’ என்பது பெயரெச்சம். எச்சம் என்பது பொருள் முற்றாமல் வேறொரு சொல்லை எதிர்நோக்கி நிற்பது. அது வினையை எதிர்நோக்கினால் வினையெச்சம், பெயரை எதிர்நோக்கினால் பெயரெச்சம். பெயரெச்சம் ஏற்கும் பெயர்களைத் தொல்காப்பியம் அறுவகைப்படுத்துகிறது: இடம், செயப்படுபொருள், காலம், கருவி, வினைமுதல், வினை. மாடு கவர்ந்த நிகழ்ச்சி ஒன்றையே எடுத்துக்கொண்டாலும் ‘கவர்ந்த காடு’ என்பது இடத்தையும், ‘கவர்ந்த மாடு’ என்பது செயப்படுபொருளையும், ‘கவர்ந்த நாள்’ என்பது காலத்தையும், ‘கவர்ந்த மறவன்’ என்பது வினைமுதலையும் தழுவுகின்றன. ‘வெட்டிய வாள்’ கருவியையும் ‘வெட்டிய வெட்டு’ வினையையும் தழுவுகின்றன. தழுவும் பெயர் மாறினாலும் எச்சத்தின் வடிவம் மாறுவதில்லை. நடுகல் வாசகம் இந்த ஆறனுள் காலத்தைத் தேர்ந்துகொண்டது, அதன் நோக்கத்துக்கு ஏற்றதாகும். அரசனின் ஆட்சியாண்டு ஊராருக்கு அப்பாற்பட்ட காலக்கணக்கு, ‘தொறுக் கொண்ட ஞான்று’ என்பதோ ஊரார் தாமே கண்டு உணர்ந்த காலக்கணக்கு.

ஒரே வடிவம் ஆறு உறவுக்கும் பொதுவாக இருப்பதால் மயக்கம் நேர்வதும் உண்டு. ‘புலி கொன்ற யானை’ என்னும்போது கொன்றது புலியா யானையா என்ற ஐயம் எழுவதைத் தடுமாறு தொழிற்பெயர் என்ற தலைப்பில் இலக்கண மரபு ஆராய்ந்துள்ளது. புலியோடு போரிட்டு இறந்தவர்க்கு நட்ட கற்களைப் புலிக்குத்திக் கல் என்று வழங்குவதில் இத்தடுமாற்றம் எழ வழியில்லை. குத்துதல் மனிதன் செயல் என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

பெயரெச்சம் மறைத்துவைக்கும் மற்றொன்று எண். பதின்மூன்றாம் நூற்றாண்டையொட்டித் தோன்றிய நன்னூல், பெயரெச்சத்தில் காலமும் செயலும் தோன்றும் என்றும், பாலும் அறுவகைப் பெயரும் எஞ்சி நிற்கும் என்றும் வரையறுக்கிறது. பால் என்பது ஆண், பெண், பலர், ஒன்று, பல என்னும் ஐவகைப் பாகுபாடு. ஒருமை பன்மை வேறுபாடு இதற்குள் அடங்கும். ஆகவே ‘வந்த மறவன்’, ‘வந்த மறவர்’, ‘வந்த மாடு’, ‘வந்த மாடுகள்’ என்ற நான்கிலும் ‘வந்த’ என்பது சற்றும் மாறாமல் நிற்கிறது. எண்ணைச் சுட்டும் பொறுப்பு முழுவதும் எச்சத்தைத் தழுவும் பெயருக்கு விடப்படுகிறது.

அந்தப் பெயர் உயர்திணையாக இருந்தால் சிக்கல் குறைவு. மறவன், மறவர் என்ற ஈறுகளே வேறுபாட்டைக் காட்டிவிடும். அஃறிணையாக இருந்தால் நிலைமை வேறு. ஆ, மரம், கல் போன்ற பெயர்கள் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவானவை என்றும், அவற்றின் எண்ணை அவை கொண்டு முடியும் வினையே தெரிவிக்கும் என்றும் தொல்காப்பியம் கூறுகிறது. பிற்கால இலக்கண நூலார் இவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்றனர். ‘கள்’ விகுதியை அஃறிணைப் பன்மைக்குரியதாகத் தொல்காப்பியம் குறித்தாலும், அது எல்லா இடத்திலும் வந்தே தீர வேண்டிய கட்டாயம் பழந்தமிழில் இருந்ததில்லை. இன்றைய பேச்சிலும் ‘ரெண்டு மாடு’ என்பதே இயல்பு, ‘இரண்டு மாடுகள்’ என்பது எழுத்து வழக்கு. பால் காட்டாத எச்சமும் பால் பகாத பெயரும் சேர்ந்துவிட்டால், ‘மீட்ட ஆ’ என்பது ஒரு பசுவா ஒரு மந்தையா என்பதை அத்தொடருக்குள் நின்று அறிய முடியாது. ‘மீட்ட ஆ வந்தது’, ‘மீட்ட ஆ வந்தன’ என்று வாக்கியம் முடிந்த பின்னரே எண் புலப்படும்.

நடுகல் வாசகமோ மாட்டைப் பற்றிய வினைமுற்றோடு முடிவதில்லை. எடுத்தனூர்க் கல்லில் எருமையின் பொருட்டு இறந்தவனைப் பற்றிய செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. எருமை என்ற சொல் பன்மை விகுதி ஏற்காமல் வருகிறது. அவனோடு நின்ற நாயின் உருவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டு, கோவிவன் என்னும் நாய் கள்ளரைக் கடித்துக் காத்திருந்த செய்தியும் தனியே குறிக்கப்படுகிறது. ‘என்னும்’ என்பதும் பெயரெச்சமே. அது ‘கொண்ட’ என்பதைப் போல ஒரு நாளை மற்ற நாள்களிலிருந்து பிரித்துக் காட்டாமல், ஒரு நாய்க்குப் பெயர் சூட்டி அதனைத் தனியொன்றாக நிறுத்துகிறது. எருமைகள் எத்தனை என்று சொல்லாத கல், நாயைப் பெயரோடு சொல்கிறது.

இதே பாகுபாடு வீரனிடத்தும் தெளிவாகிறது. ‘பட்டான் கல்’ என்பதில் பட்டான் என்பது வினையாலணையும் பெயர். அதாவது வினையைச் செய்தவனையோ அதற்கு ஆட்பட்டவனையோ அவ்வினையாலேயே குறிக்கும் பெயர். பெயரெச்சம் விட்டுவிட்ட பாலை இது ஈற்றில் ஏந்தி நிற்கிறது: ‘ஆன்’ என்னும் ஈறு ஆண்பால் ஒருமை. ஆக, ஒரு நடுகல் தொடரில் மந்தை, தொகுதியைக் குறிக்கும் ஒரு சொல்லாக எண்ணின்றி நிற்கிறது. கவர்ந்தவர்கள், எழுவாய் வெளிப்படையாக வராதபோது, ‘கொண்ட’ என்ற பால் காட்டா எச்சத்துக்குள் மறைகிறார்கள். வீழ்ந்தவன் ஒருவனே ஒருமை ஈற்றோடு வெளிப்பட்டு நிற்கிறான். இதனைக் கல் பொறித்தவர் திட்டமிட்டுச் செய்த கலை நுட்பம் என்று கொள்ள வேண்டியதில்லை. மொழியின் இயல்பான அமைப்பும் கல் நடுவோரின் நோக்கமும் ஒன்றோடொன்று பொருந்தியதால் விளைந்த சுருக்கம் என்பதே தகும்.

அதே ‘கொண்ட’ என்ற எச்சம் அரசர்களின் பட்டப்பெயர்களில் வேறு உறவில் வருகிறது. முதலாம் பராந்தகன் ‘மதுரை கொண்ட கோப்பரகேசரி’ எனப்பட்டான். 949ஆம் ஆண்டுத் தக்கோலப் போருக்குப் பின் தொண்டை மண்டலத்தை ஆண்ட இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், அப்பகுதிக் கல்வெட்டுகளில் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ கன்னரதேவன் என்று குறிக்கப்படுகிறான். நடுகல்லில் காலத்தைத் தழுவிய எச்சம் இங்கே வினைமுதலைத் தழுவுகிறது. இரு நகரங்கள் ‘உம்’ இடைச்சொல்லால் ஒன்றொன்றாக எண்ணப்படுகின்றன. அவற்றைக் கைப்பற்றிய படையினர் எவரும் தொடரில் இல்லை, அரசன் ஒருவனே வினைமுதல். சிற்றூரின் கல் வீழ்ந்தவனை ஒருமையில் நிறுத்தியது போலவே, பேரரசின் கல்வெட்டு வென்றவனை ஒருமையில் நிறுத்தியது.

பன்மைப் பெயரைத் தழுவும் அடைத்தொடர் மற்றொரு வினாவையும் எழுப்பும். ‘தப்பி ஓடிய கள்ளர் பிடிபட்டனர்’ என்னும்போது, கள்ளர் அனைவரும் ஓடினரா, அவருள் ஓடிய சிலர் மட்டும் பிடிபட்டனரா? முதற்பொருளில் அடைத்தொடர் வெறும் விளக்கம். இரண்டாவதில் அது ஒரு பகுதியைப் பிரித்தெடுக்கும் வேலியாகிறது. இவ்வேறுபாட்டை அடைமொழியின் அளவில் தொல்காப்பியம் அறிந்திருந்தது. தன் இனத்தைச் சேர்ந்த பிறவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டாத பண்படை, உலக வழக்குக்கு உரியதன்று, செய்யுளுக்கே உரியது என்று அது விதித்தது. செஞ்ஞாயிறு என்பதில் ‘செம்மை’ வேறொரு ஞாயிற்றிலிருந்து பிரிப்பதற்காக வரவில்லை. செந்தாமரை என்பதோ வெண்தாமரையிலிருந்து பிரிக்கிறது. இனமுள்ள அடையும் இனமில்லா அடையும் உலக வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டிலும் வரும் என்று நன்னூல் பின்னர் இவ்விதியைத் தளர்த்தியது. இந்நோக்கில் ‘தொறுக் கொண்ட ஞான்று’ இனமுள்ள அடை: எல்லையற்ற நாள்களிலிருந்து ஒரு நாளை அது பிரித்தெடுக்கிறது.

ஐரோப்பியர் தமிழ் இலக்கணம் எழுதத் தொடங்கியபோது அவர்களை மிகவும் வியக்கவைத்தவற்றுள் ஒன்று இப்பெயரெச்சம். சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் 1716ஆம் ஆண்டு ஹாலேயில் அச்சாயிற்று. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வெளிவந்தது. 1856ஆம் ஆண்டு கால்டுவெல் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், இம்மொழிகள் தொடரை இணைக்கும் பிரதிப்பெயர்களை நாடாமல் எச்சத்தாலேயே அப்பணியை முடிப்பதை விரிவாக ஆராய்ந்தார். இலத்தீன், ஆங்கிலம் முதலிய மொழிகளில் பெயர் முதலில் வந்துவிடும். அதன்பின் அப்பெயரை மீண்டும் சுட்டும் ஓர் இணைப்புப் பிரதிப்பெயர் வரும். அதனைத் தொடர்ந்து முழு வினையோடு கூடிய ஒரு கிளை வாக்கியம் வரும். தமிழில் கிளைத்தொடர் முன்னும் பெயர் பின்னுமாக அமைவதால், கேட்பவர் தொடர் முழுவதையும் மனத்தில் தாங்கி, இறுதியில் வரும் பெயரில் அதனைப் பொருத்திக்கொள்கிறார்.

எண்ணைப் பொறுத்தவரை தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள வேறுபாடு இன்னும் கூர்மையானது. ஆங்கிலத்தின் ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ என்னும் இணைப்புச் சொற்களும் ஒருமை பன்மைக்கு மாறுவதில்லை. ஆயினும் கிளை வாக்கியத்தின் வினை, முன்னால் நிற்கும் பெயரின் எண்ணைப் பின்பற்ற வேண்டும். ஒரு வீரன் என்றால் ‘வாஸ்’, பல வீரர் என்றால் ‘வேர்’. இதனால் ‘வீழ்ந்த வீரர்களுள் ஒருவன்’ என்ற பொருளை ஆங்கிலத்தில் சொல்லும்போது, இணைப்புச் சொல்லுக்குப் பின் வரும் வினை ‘வீரர்கள்’ என்ற பன்மையைத் தழுவுமா, ‘ஒருவன்’ என்ற ஒருமையைத் தழுவுமா என்ற தடுமாற்றம் அன்றாட வழக்கில் இன்றும் தொடர்கிறது. பன்மை என்பது இலக்கண நூலாரின் பொதுவான முடிவு, ஒருமை வினையும் பேச்சிலும் எழுத்திலும் பரவலாகவே வருகிறது. தமிழில் ‘வீழ்ந்த’ என்பதற்கு எண்ணே இல்லாததால் இச்சிக்கல் எழ இடமில்லை.

அனைவரா, சிலரா என்ற வேறுபாட்டை ஆங்கில எழுத்து காற்புள்ளியால் காட்டுகிறது: காற்புள்ளியிட்டுப் பிரித்த கிளை வாக்கியம் அனைவரையும் விளக்கும், காற்புள்ளியின்றி ஒட்டி வருவது சிலரைப் பிரித்தெடுக்கும். பிரித்தெடுக்கும் இடத்தில் ‘தட்’, விளக்கும் இடத்தில் ‘விச்’ என்று பகிர்ந்துகொண்டால் தெளிவு மிகும் என்று ஹென்றி ஃபவுலர் 1926ஆம் ஆண்டு தம் வழக்கு அகராதியில் பரிந்துரைத்தார். எனினும் அது எல்லோரும் ஏற்ற விதியாகவில்லை. இச்சொற்களின் எல்லைகள் எக்காலத்தும் நிலையாக இருந்தவையும் அல்ல. இன்று பொருள்களுக்குரியதாகக் கருதப்படும் ‘விச்’, 1611ஆம் ஆண்டு வெளியான ஆங்கில விவிலியத்தில் கடவுளையும் மனிதரையும் சுட்டவும் ஆளப்பட்டது. தமிழில் காற்புள்ளியின் பணியை ‘எல்லாம்’, ‘மட்டும்’ போன்ற சொற்கள் ஏற்கின்றன: ‘ஓடிய கள்ளர் எல்லாம்’ என்றும் ‘கள்ளருள் ஓடியவர் மட்டும்’ என்றும் பிரித்துச் சொன்னால் ஐயம் நீங்கிவிடும்.

இவ்வேறுபாடுகள் ஏட்டளவில் நில்லாமல் வரலாற்றெழுத்தையும் பாதிக்கின்றன. செங்கம் கற்களின் வாசகங்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர், தமிழ் வாசகம் எண்ணாமல் விட்ட இடத்திலெல்லாம் எண்ணியாக வேண்டும். எருமை என்பதை ஒருமையாக்குவதா பன்மையாக்குவதா, எழுவாய் தொக்கிநிற்கும் ‘கொண்ட’ என்பதற்கு ஒருவனை எழுவாயாக்குவதா பலரை எழுவாயாக்குவதா என்ற முடிவை ஆங்கில இலக்கணம் அவர்மேல் சுமத்துகிறது. ‘ஆர்’ ஈறு வரும் இடங்களிலும் எச்சரிக்கை வேண்டும்: ஒருவரை உயர்த்திக் கூறும் பன்மை வழக்கில் உண்டு, அது இலக்கண நெறிக்கு உரியதன்று என்று தொல்காப்பியம் குறிப்பிட்டிருப்பதால், ‘அரைசர்’ என்றோ ‘ஆர்’ ஈற்றுப் பெயராகவோ வருவதைக் கொண்டு தலைவர் பலர் என்று முடிவு கட்டுவது தவறாகலாம். மொழிபெயர்ப்பில் தோன்றும் பன்மையை நம்பிப் பூசலின் அளவையோ மந்தையின் பெருமையையோ கணிக்க முற்படுவோர், கல்லில் இல்லாத ஒன்றைச் சான்றாகக் கொள்கின்றனர்.

வட்டெழுத்து வழக்கொழிந்தபின் இக்கற்களின் வாசகத்தை ஊரார் படிக்க இயலாமற்போயிற்று. ஆயினும் வழிபாடு நிற்கவில்லை. செங்கம், தருமபுரி வட்டாரங்களில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வணங்கப்படுகின்றன. ஆட்சியாண்டும் நாட்டுப் பெயரும் தொறுவும் மறந்துபோன பின்னரும் அப்பெயரின் ‘அன்’ ஈறு ஒருவனையே சுட்டுகிறது. கல்வெட்டுத் தொடர் எதனை ஒருமையில் நிறுத்தியதோ அதனையே ஊரின் நினைவும் தக்கவைத்துக்கொண்டது. எதனை எண்ணாமல் விட்டதோ அதனை நினைவும் விட்டுவிட்டது. பூசலில் எதிர்நின்றவர் எத்தனை பேர், மீண்ட மாடு எத்தனை என்ற வினாக்களுக்கு இக்கற்களின் இலக்கணத்திலிருந்து விடை பெற முடியாது. ஒரு சமூகம் எவனை எண்ணத்தக்கவனாகக் கருதியது என்ற வினாவுக்கு மட்டும், பால் காட்டாத எச்சத்துக்கும் பால் காட்டும் பெயருக்கும் இடையிலுள்ள வேறுபாடு தெளிவான விடையைத் தருகிறது.